சொந்த காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டலாமா? சென்னைவாசிகளுக்கு 'ட்ராக் டே' ஏ டூ இசட்!

சென்னை தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவு நேர ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. அடுத்த சில மாதங்களில், 2025 ஜனவரியில், நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேர பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. இந்த இரண்டுக்கும் பிறகு அடையாறிலும் தி.நகரிலும் கார் வைத்திருக்கும் பல இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நம்ம காரையும் ஒரு தடவை ஃபுல் ஸ்பீடுல ஓட்டிப் பாக்க முடியுமா?"

முடியும். ஆனால் ஈசிஆரில் அல்ல, இருங்காட்டுக்கோட்டையில். அதற்குத்தான் 'ட்ராக் டே' இருக்கிறது. அங்கே போவதற்கு முன் காரில் என்ன செய்ய வேண்டும், டிக்கியில் என்ன இருக்க வேண்டும், இன்சூரன்ஸ் கை கொடுக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

ட்ராக் டே என்றால் என்ன?

ட்ராக் டே என்பது பந்தயம் அல்ல. ரேஸ் ட்ராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கும் கிளப்போ, நிறுவனமோ கட்டணம் வாங்கிக்கொண்டு, சாதாரண டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர்களை அவரவர் வண்டியில் ஓட்ட அனுமதிக்கும். பரிசு, வெற்றி, தோல்வி எதுவும் கிடையாது. போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்றால்தான் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி லைசென்ஸ் தேவை.

சென்னைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முன்பு சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனி ட்ராக் அமைத்தது. 1990-ல் திறக்கப்பட்ட அந்த ட்ராக்கின் நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். மயிலாப்பூர், அடையாறில் இருந்து பூந்தமல்லி வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் சுமார் 35 முதல் 40 கிலோமீட்டர்தான். கோவைக்காரர்களுக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியாவின் மற்ற பெருநகரங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு ட்ராக் பக்கத்திலேயே இல்லை.

ரோட்டிலேயே ஓட்டினால் என்ன?

சட்டப்படி குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன் படி, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 18 வயது நிரம்பாத பையன் வண்டி எடுத்து குற்றம் செய்தால் பிரிவு 199ஏ-ன் கீழ் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரோட்டில் எதிரே வருபவர் ரேஸில் இல்லை, அவருக்கு நீங்கள் ரேஸ் ஓட்டுவதும் தெரியாது. ட்ராக்கில் எல்லோரும் ஒரே திசையில்தான் போவார்கள். ஓரத்தில் கொடி காட்டும் மார்ஷல் இருப்பார், பிட்டில் ஆம்புலன்ஸ் நிற்கும்.

அதனால் ட்ராக்கில் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஜனவரியில் இதே ட்ராக்கில் நடந்த தேசிய கார் பந்தயத்தில் 59 வயதான மூத்த வீரர் கே.இ.குமார் விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது வீரர் இறந்தார். இரண்டுமே முறைப்படி நடந்த போட்டிகள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2025-ல் துபாய் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை எல்லோரும் பார்த்தோம். அவர் காயமின்றி இறங்கி நடந்து வந்தார். அது பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட போர்ஷே. உள்ளே இரும்புக் கூண்டு, உடலோடு பிணைக்கும் பெல்ட், கழுத்தைக் காக்கும் கருவி எல்லாம் இருந்தன. நம்ம வீட்டு ஸ்விஃப்ட்டிலோ ஐ20-யிலோ இவை எதுவும் கிடையாது.

முதல் வேலை இன்ஜின் இல்லை, பிரேக்!

ட்ராக் டே என்றதும் பலர் முதலில் யோசிப்பது சைலன்சர் மாற்றலாமா, இன்ஜின் பவரைக் கூட்டலாமா என்றுதான். அது தேவையே இல்லை. புதிதாகப் போகிறவரை ட்ராக்கில் சிக்கலில் மாட்டிவிடுவது பெரும்பாலும் வண்டி ஓடாமல் போவது அல்ல, நிற்காமல் போவதுதான்.

காரணம் எளிய இயற்பியல். வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்கு பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். சென்னை நகரச் சாலையில் காருக்கு வேக வரம்பு 60. ட்ராக்கில் 120-ல் வந்து வளைவுக்கு முன் பிரேக் அடிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் வழக்கத்தைவிடப் பல மடங்கு சூடு. 12 வளைவுகளில் பாதிக்கு மட்டும் பலமாக அடித்தாலும், 6 லேப்பில் 36 முறை. நடுவில் ஆறுவதற்கு நேரமும் கிடைக்காது.

அந்தச் சூடு முதலில் தாக்குவது பிரேக் ஆயிலை. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இது 230, 155. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலோரப் பகுதியில் வருடக்கணக்கில் நிற்கும் காரில் அது எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ்கள் உருவாகும். பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும், வண்டி நிற்காது.

எனவே கிளம்புவதற்கு முன் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை:

• பிரேக் ஆயிலை முழுவதுமாக வடித்துவிட்டு, மேனுவலில் சொன்ன ரகத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிகான் வகை, அதை டாட் 3, டாட் 4-உடன் கலக்கவே கூடாது.

• பிரேக் பேடில் பாதிக்கு மேல் கனம் மிச்சம் இருக்க வேண்டும். டிஸ்கில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

• இன்ஜின் ஆயில், கூலன்ட் அளவு சரியாக இருக்க வேண்டும். எங்கேயாவது கசிவு இருந்தால் ட்ராக்கில் இறங்கவே கூடாது. உங்கள் காரின் ஆயில் பின்னால் வருபவரின் டயருக்கு அடியில் போகும்.

• வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.

• பேட்டரி அசையாமல் இருக்க வேண்டும். இழுத்துச் செல்லும் கொக்கி எங்கே மாட்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டயரில் என்ன பார்ப்பது?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பழைய டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போய் பிடிமானம் குறைந்திருக்கும். பக்கவாட்டில் வீக்கமோ வெட்டோ இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

டயர் சூடானால் பிரஷர் ஏறும். சூடு 5, 6 டிகிரி கூடும்போது சுமார் 1 பி.எஸ்.ஐ ஏறும் என்பது பொதுக் கணக்கு. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவில் தொடங்கி, ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அளந்து பார்க்க வேண்டும். ட்ராக்கில் சூடாக இருக்கும்போது காற்றை இறக்கினால், ஆறிய பிறகு பிரஷர் மிகவும் குறைந்திருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது.

டிக்கியில் என்ன இருக்க வேண்டும்?

டயர் பிரஷர் கேஜ், சிறிய ஏர் பம்ப், டார்க் ரெஞ்ச், ஜாக், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், கூலன்ட், கையுறை, துணி, டக்ட் டேப், டார்ச். இவற்றில் பெரும்பாலானவை ஜி.பி. ரோட்டில் கிடைத்துவிடும். புதுப்பேட்டையில் பழைய பம்பரோ கண்ணாடியோ வாங்குவது வேறு விஷயம். பிரேக் பேடையும் டயரையும் மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

ஹெல்மெட் கட்டாயம். பைக் ஹெல்மெட் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். சில ட்ராக் டேக்களில் அனுமதிக்கிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கார் பந்தய ஹெல்மெட்டின் உட்புறம் எளிதில் தீப்பிடிக்காத துணியால் ஆனது. நடத்துபவர் எந்தத் தரம் கேட்கிறார் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். உடம்பை மூடும் பருத்தி உடை, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போதும். செருப்பு கூடவே கூடாது.

தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்-ஸும் நிறைய வேண்டும். சென்னை வெயிலில் ஏசி இல்லாமல் ஹெல்மெட்டோடு ஓட்டும்போது உடலில் நீர் வற்றினால் முதலில் போவது கவனம்தான்.

ட்ராக்கில் இறங்குவதற்கு முன் காருக்குள் எதுவும் இருக்கக் கூடாது. ஃப்ளோர் மேட், வாட்டர் பாட்டில், சாமி படம், குடை, ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பிரேக் அடிக்கும்போது உருண்டு வரும் ஒரு பாட்டில் பெடலுக்கு அடியில் சிக்கினால் போதும்.

கொடிகள் சொல்வது என்ன?

காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடக் கூடாது. மஞ்சள் கொடி: முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, ஓவர்டேக் செய்யாதே. சிவப்பு: ரவுண்டு நிறுத்தப்பட்டது, மெதுவாக பிட்டுக்குத் திரும்பு. நீலம்: பின்னால் வேகமான கார், வழி விடு. கறுப்பு: நீங்கள் பிட்டுக்கு வர வேண்டும். கட்டம் போட்ட கொடி: ரவுண்டு முடிந்தது. கடைசி லேப்பில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுவது நல்லது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். வழக்கமான தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்று ஒரு பகுதி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் கார் பயன்படுத்தப்பட்டால் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். ட்ராக் டே பந்தயம் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் இழப்பீடு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் இதே நிலைதான். கார் வாரண்டியிலும் பந்தயப் பயன்பாட்டுக்கு விலக்கு இருப்பது வழக்கம்.

மருத்துவக் காப்பீட்டில் உள்ள நிலையான விலக்கு, தொழில்முறையாக மோட்டார் பந்தயத்தில் ஈடுபடுபவர்களைக் குறிக்கிறது. பொழுதுபோக்காகப் போகிறவருக்குச் சிகிச்சைச் செலவு கிடைக்குமா என்று உங்கள் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் நீங்கள் கையெழுத்துப் போடும் பொறுப்பு விலக்குப் படிவத்தையும் முழுவதும் படித்துவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கார் நொறுங்கினால் செலவு உங்களுடையது. மாதத் தவணை பாக்கி இருக்கும் காரை, அதுவும் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போக வேறு வண்டி இல்லாதபோது, எடுத்துப் போவதா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

காரை மாற்றி அமைக்கலாமா?

தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ட்ராக்குக்காக மாட்டிய சத்தமான சைலன்சரோடு திரும்பும்போது பூந்தமல்லியில் போலீஸ் நிறுத்தினால், "ட்ராக்குக்குத்தான் போனேன் சார்" என்று சொல்வது செல்லாது.

வீடு திரும்பும் 35 கிலோமீட்டர்

பந்தயக் கார்கள் லாரியில் வரும், லாரியில் போகும். உங்கள் கார் அப்படியல்ல. நாள் முழுக்க அடி வாங்கிய அதே பிரேக், அதே டயரோடு மாலை நெரிசலில் தி.நகர் வந்து சேர வேண்டும். அதனால் கடைசி ரவுண்டைத் தவிர்த்துவிட்டாவது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீல் நட், டயர் பிரஷர், ஆயில் அளவு, பிரேக் பேட் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். பெடல் காலையில் இருந்த மாதிரி இல்லை என்றால் ஓட்டாதீர்கள், வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள்.

ட்ராக் கேட்டைத் தாண்டியதும் இன்னொரு சிக்கல் வரும். 120-க்குப் பழகிய கண்ணுக்கு 60 என்பது நடப்பது போலத் தெரியும். கிளம்பும் முன் ஒரு டீ குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுங்கள்.