பாக்கெட்டில் இருப்பதே தெரியாதாம்!

இது நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர்கள் மட்டும் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

மூன்று மாதமாக நானும் என் மனைவியும் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே மகள் வீட்டில் இருக்கிறோம். மாப்பிள்ளை ஒரு பெட்ரோல் பங்கும் அதை ஒட்டிய சின்னக் கடையும் நடத்துகிறார். நாங்கள் வருவதற்கு முன் ஒருநாள் இரவு, கடை மூடும் நேரத்தில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவைக் காலி செய்துகொண்டு போய்விட்டான். யாருக்கும் அடி இல்லை. மகள் இதை எங்களிடம் போனில் சொல்லவே இல்லை. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கு அடுத்த வாரமே மாப்பிள்ளை ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டார் என்று. கால்சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் அளவு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. என் மனைவி துவைப்பதற்காக எல்லா அறையிலும் அழுக்குத் துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கொக்கியில் மாப்பிள்ளையின் கால்சட்டை தொங்கியது. "ஏங்க, மாப்பிள்ளை போனை பையிலயே விட்டுட்டார்" என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டாள்.

போன் இல்லை. தோட்டா நிரப்பிய பிஸ்டல், உறை இல்லாமல், கடைச் சாவிக்கொத்தோடு ஒன்றாகக் கிடந்தது. பக்கத்தில் ஐந்து வயதுப் பேரன் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"கையை அப்படியே வெளிய எடு" என்று மட்டும் சொன்னேன். அவள் எடுத்தாள். பேரனைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தேன். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் நான் இந்த ஊர்ச் சட்டப்படி துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே கூடாது. தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுப்பினோம். அவர் வந்து எடுத்து, மேகசினைக் கழற்றி, குழலின் பின்பக்கம் ஏறியிருந்த தோட்டாவையும் வெளியே தள்ளினார். அவர் கை நடுங்கியது. யாரும் எதுவும் பேசவில்லை.

மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா? நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டு, பேரனின் வரைபட நோட்டில் இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்தேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். "மாமா, பெரிய பிஸ்டல் வாங்கினா நாலு நாள் எடுத்துட்டுப் போவேன், அஞ்சாவது நாள் வீட்டிலேயே வச்சிடுவேன். சின்னதுன்னாதான் தினமும் கூட வரும். வீட்டுல இருக்கிற துப்பாக்கியால கடையில என்ன பிரயோஜனம்? நீங்க ஒருநாள் ராத்திரி வந்து கடையை மூடிப் பாருங்க." அன்றிரவே போனேன். பதினொரு மணிக்கு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, பணப்பையோடு காருக்கு நடக்க வேண்டும். நாற்பது அடி தூரம்தான் இருக்கும். அந்த நாற்பது அடியில் எனக்கே முதுகு கூசியது. ஆகவே அவர் துப்பாக்கி வாங்கியது தவறு என்று எழுத நான் வரவில்லை. எதை வாங்கினார், எதற்காக அதை வாங்கினார் என்பதில்தான் எனக்குச் சண்டை.

விற்றவர் அவரிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "பாக்கெட்டில் இருப்பதே உங்களுக்குத் தெரியாது." மாப்பிள்ளை அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்த ஒரு குணத்துக்காகவே அதை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. இருப்பது தெரியாத பொருள்தான் குளியலறைக் கொக்கியில் தொங்கும்.

இனி கணக்கு. இந்தச் சின்ன வகையில் பேர் பெற்றது 2008ல் வந்த ருகர் எல்.சி.பி. தோட்டா இல்லாமல் சுமார் 270 கிராம், நிரப்பினால் 340 கிராம் அளவில் வரும். அது சுடுவது .380 ஏ.சி.பி. என்ற தோட்டா. குண்டின் எடை சுமார் 6 கிராம். அவ்வளவு குட்டையான குழலிலிருந்து நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் வெளியேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உந்த அழிவின்மை விதி பத்தாம் வகுப்பிலேயே வருகிறது. வெடிமருந்து வாயுவின் பங்கை விட்டுவிட்டுப் போட்டால், துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர். கிளாக் 19 போன்ற நடுத்தர பிஸ்டல், அதைவிட வலுவான 9 மி.மீ. தோட்டாவைச் சுடுகிறது. ஆனால் நிரப்பிய எடை 850 கிராம். அதே கணக்கைப் போட்டால் 3 மீட்டர்தான் வருகிறது.

அதாவது, வலுக் குறைந்த தோட்டாவைச் சுடும் சின்னத் துப்பாக்கிதான் கையை வேகமாக உதைக்கிறது. பிடியில் சுண்டுவிரலுக்கு இடமும் இல்லை. பிடி தளர்ந்தால் மேல்பகுதி முழுதாகப் பின்னே போய்த் திரும்பாமல், அடுத்த தோட்டா பாதியில் சிக்கிக்கொள்ளும். மாப்பிள்ளையிடம் கேட்டேன், வாங்கியதிலிருந்து எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று. "ஒரு பெட்டி, மாமா. கை வலிச்சுது, நிறுத்திட்டேன்." ஒரு பெட்டி என்பது ஐம்பது.

அடுத்தது குறி. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 10 செ.மீ. இருக்கிறது என்றால், 1 மி.மீ. பிசகு 7 மீட்டர் தூரத்தில் 7 செ.மீ. ஆகிவிடும். இடைவெளி 15 செ.மீ. என்றால் 5 செ.மீ.கூட ஆகாது. இது அசையாத கைக்கான கணக்கு. பதினொரு மணி இருட்டில், வயிறு கலங்க நிற்பவனின் கை அப்படியா இருக்கும்?

இங்கே மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். ".380 எல்லாம் பொம்மைத் தோட்டா அங்கிள், அதனாலதான் வீட்டுக்குப் பாதுகாப்பு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1914ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்ற பிரௌனிங் பிஸ்டல் சுட்டது இந்தத் தோட்டாவைத்தான். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் மீது பாய்ந்த மூன்று குண்டுகளும், பெரெட்டா பிஸ்டலிலிருந்து வந்த இதே தோட்டாவின் குண்டுகள். இத்தாலிக்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பொம்மையாம்!

ரிவால்வர் வாங்கலாமா என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வருக்கு விசை மிகக் கனம். ஐந்து கிலோவைத் தூக்குகிற அளவு அழுத்தம் வேண்டும். தவறிப்போய் அழுந்துவது குறைவு. சுத்தியல் உள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது, தோட்டா சிக்கும் தொல்லையும் குறைவு. ஆனால் அந்தக் கனத்த விசையை இழுக்கும்போதே குறி அசைந்துவிடும். பழகியவர்களுக்கு அது அருமையான பொருள். பழக நேரமில்லை என்று சொல்கிறவருக்கு அல்ல.

பை என்ற இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நின்றுகொண்டு பைக்குள் கைவிடுவது எளிது. கார் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டபிறகு முன்பைக்குள் கை நுழைகிறதா என்று நீங்களே பாருங்கள், சாவியை எடுத்துப் பார்த்தாலே போதும். மாப்பிள்ளை பயப்படுவது சரியாகக் காரில் ஏறும் அந்த நிமிடத்துக்குத்தான்! பைக்குள் சேரும் நூல், தூசி, இந்த ஹூஸ்டன் வியர்வை எல்லாம் பிஸ்டலுக்குள் போகும். அடிக்கடி துடைத்து எண்ணெய் போட வேண்டும். பையில்தான் வைப்பேன் என்றால் விசையை முழுதாக மூடும் உறை வேண்டும், அந்தப் பையில் வேறு எதுவுமே இருக்கக் கூடாது. சாவி கூடாது, மிட்டாய்த்தாள் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. உறை வாங்க மனமில்லாதவர் பிஸ்டலையும் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனால் உரிமம் கொடுக்கும் முறை இன்னும் இருக்கிறது. வகுப்பும் உண்டு, சுடும் தேர்வும் உண்டு. 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா, 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நம் பிள்ளைகளுக்கு 35 போதும், இவர்கள் 70 கேட்கிறார்கள், சரிதான். மாப்பிள்ளை இதை எழுதவில்லை, கட்டாயம் இல்லையே என்றார். கட்டாயம் இல்லாத தேர்வைத்தான் எழுத வேண்டும் மாப்பிள்ளை என்றேன். அதிலும் பலர் பெரிய பிஸ்டலில் தேர்வு எழுதிவிட்டுச் சின்னதைப் பையில் போட்டுக்கொள்கிறார்களாம். செய்முறைத் தேர்வுக்கு அடுத்த பள்ளியின் நல்ல தராசை இரவல் வாங்கி வருகிற பையன்கள் ஞாபகம் வந்தது. எதைச் சுமக்கிறீர்களோ அதிலேயே தேறிக் காட்டுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கும் என் மாணவர்கள் தனியாகக் கவனிக்கவும். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பன் வாங்கிக் கொடுத்தான் என்று எதையும் கையில் வாங்காதீர்கள். கடையில் விற்கும்போது படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு, அதில் பொய் எழுதினால் அதுவே குற்றம்.

17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பதும் டெக்சாஸ் சட்டப்படி குற்றமாகலாம். சட்டம் கிடக்கட்டும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கடையில் நடந்ததை மாப்பிள்ளையிடம் சொன்னேன். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, தாயின் கைப்பையில் துப்பாக்கிக்கென்றே இருந்த ஜிப் அறையைத் திறந்து எடுத்துவிட்டது. ஒரே குண்டு, தாய் அங்கேயே இறந்துபோனார். படித்தவர், ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். துப்பாக்கி பழகியவரும்கூட. நம் பேரனுக்கு ஐந்து வயது மாப்பிள்ளை, அவனால் ஜிப்பும் திறக்க முடியும், கொக்கியையும் எட்ட முடியும் என்றேன். அவர் நோட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் யோசனை என்ன என்று கடைசியில் கேட்டார். சொன்னேன். உங்களால் மறைத்துச் சுமக்க முடிந்ததில் மிகச் சின்னதை அல்ல, மிகப் பெரியதைத் தேர்ந்தெடுங்கள். 2018ல் வந்த சிக் பி365 மாதிரி அரைக்கிலோ எடையில், 9 மி.மீ. பிஸ்டல்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. மூன்று விரலும் பிடியில் உட்காருகிறதா, பின்னுக்கு இழுக்கச் சுலபமா என்று உங்கள் கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், என் பேச்சையோ கடைக்காரர் பேச்சையோ கேட்டு அல்ல. இடுப்பில், விசை மூடிய உறையில் போடுங்கள். உறுத்தும். உறுத்தட்டும், உறுத்தினால்தான் வீட்டுக்குள் வந்ததும் கழற்றிப் பூட்டத் தோன்றும். முதலில் ஒரு வாடகைத் துப்பாக்கியில் இருநூறு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொன்னேன், அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எதிரே நிற்பவன் ஏற்கெனவே துப்பாக்கியை நீட்டிவிட்டான் என்றால், உங்கள் பையில் இருப்பது எந்த அளவானாலும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்குக் கொடுத்தீர்கள், அதனால்தான் இன்றைக்கு நாம் காபி குடிக்கிறோம். போடத்தான் முடியும், ஊழியரால் திறக்க முடியாது என்கிற மாதிரி பணப்பெட்டிகள் இருக்கின்றனவே, அதை முதலில் கடையில் வையுங்கள். பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இரவில் நடக்காதீர்கள். மூடும் நேரத்தில் இரண்டு பேர் இருங்கள்.

பழைய பிஸ்டலைக் கொடுத்துவிட்டார். விரல்ரேகையில் திறக்கும் சின்னப் பெட்டி ஒன்று படுக்கையறை அலமாரியில் திருகாணி போட்டு உட்கார்ந்திருக்கிறது. கடைக்குப் பணப்பெட்டி ஆர்டர் செய்திருக்கிறார். புதியது எது என்று இன்னும் முடிவாகவில்லை, அடுத்த சனிக்கிழமை உரிம வகுப்பு முடிந்த பிறகு பார்க்கலாம் என்கிறார். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்க நானும் போகிறேன்.

என் மனைவி இப்போதெல்லாம் துவைக்கும் துணியில் யார் பையிலும் கை விடுவதில்லை. வெளியிலிருந்தே தட்டிப் பார்க்கிறாள். என் வேட்டியைக்கூட.