கிராவல் எடுத்த குழியில் மறுபடியும் விவசாயம் செய்ய முடியுமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்ட வாசகர் ஒருவருக்கு 2 ஏக்கர் புன்செய் இருக்கிறது. அதில் 1 ஏக்கரில் சாலை வேலைக்காக 6 அடி ஆழத்துக்குக் கிராவல் எடுத்துவிட்டார்கள். இப்போது கெட்டிச் சரளைதான் மிச்சம். கட்டட இடிபாடுகளைக் கொட்டி இலவசமாக மேடாக்கித் தருவதாக ஒரு லாரிக்காரர் சொல்கிறார். தம்பியோ விற்றுவிடலாம் என்கிறார். இந்த நிலம் திரும்பவும் விவசாயத்துக்கு ஆகுமா என்று கேட்கிறார் வாசகர்.

பதில்: ஆகும். ஆனால், பழைய மட்டத்துக்கு உயர்த்தும் எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதை 6 அடி உயர்த்த சுமார் 2,600 யூனிட் மண் தேவை. டிப்பருக்கு 3 யூனிட் என்றாலும் 870 நடை. சிறு விவசாயியால் ஆகிற காரியம் இல்லை. நிலம் தாழ்ந்திருப்பதால் பயிருக்குக் கெடுதல் இல்லை. வேர் ஓட மண்ணும், தண்ணீர் தேங்காத வசதியும் இருந்தால் போதும்.

இடிபாடுகளைக் கொட்ட ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. சிமென்ட், சுண்ணாம்புத் தூள் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். அதில் கலந்து வரும் கண்ணாடி, கம்பி, பிளாஸ்டிக்கை ஆயுசுக்கும் பொறுக்கி முடியாது. சரளையையாவது உடைத்துச் சரிசெய்யலாம். இடிபாடு நிரப்பிய நிலத்தில் கலப்பைகூட இறங்காது.

முதல் வேலை, ஒரு நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது என்று பார்ப்பது. அந்த மூலையிலேயே பண்ணைக்குட்டை வெட்டி, குழியின் தரை முழுவதும் அதை நோக்கிச் சரியும்படி பொக்லைன் வைத்துச் சமப்படுத்த வேண்டும். செங்குத்தாக நிற்கும் கரைகளைச் சரிவாக்கி, வெட்டிவேர் நட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் கரை சரியும். ஆடு மாடும் பிள்ளைகளும் தவறி விழும் ஆபத்தும் உண்டு.

அடுத்து, உளிக்கலப்பையால் ஒன்றரை அடி இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக உழுது இறுக்கத்தை உடைக்க வேண்டும். பிறகு 1 அடி, 2 அடி, 3 அடி ஆழங்களில் தனித்தனியாக மண் மாதிரி எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். பெரும்பாலும் கரிமச்சத்து மிகக் குறைவு என்றுதான் முடிவு வரும்.

மேல்மண்ணுக்குக் கைகொடுப்பது ஏரி, கண்மாய் வண்டல். வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து, புன்செய் நிலத்துக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை கட்டணமில்லாமல் எடுக்கலாம். இது ஏறக்குறைய 32 யூனிட். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் ஒரு அங்குலம்கூட வராது. பலரும் இப்படிப் பரப்பிவிட்டுத்தான் பலன் இல்லை என்கிறார்கள். அதே வண்டலை வேர் இருக்கும் இடத்தில் மட்டும் சேர்த்தால் கணக்கே வேறு.

மேடான பகுதியில் 7 மீட்டர் இடைவெளியில் 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுக்கலாம். குட்டையும் சரிவும் போக 60 குழிகள் வரும். பாதி வண்டல், பாதி பெருங்கல் நீக்கிய அந்தக் குழி மண், அதனுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பினால், 60 குழிகளுக்கும் சுமார் 8 யூனிட் வண்டல் போதும். மீதி 24 யூனிட்டை 11 சென்ட்டில் அரை அடி கனத்துக்குப் பரப்பி, மழைக்காலத்தில் தீவனச்சோளம் விதைக்கலாம்.

குழிகளில் முந்திரி ஒட்டுக்கன்றுகளை நடலாம். செம்புரை, சரளை நிலங்களைத் தாங்கி வளரும் மரம் அது. தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது. குட்டைக்குப் பக்கத்தில் நாவல், புங்கன் நல்லது. வடகிழக்குப் பருவமழை வரும் புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் முதல் சில மாதம் தண்ணீர்ச் செலவு குறையும்.

மர வரிசைகளுக்கு நடுவே நிலத்தைச் சும்மா விடக் கூடாது. ஆடி மழைக்குக் கொளுஞ்சி விதைக்கலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். தோல் கெட்டியானது என்பதால் மணலுடன் தேய்த்து விதைக்க வேண்டும். ஆடு மாடு அதிகம் கடிக்காது. உதிரும் விதையிலிருந்து மறு வருடமும் தானாக முளைக்கும். அடுத்த ஆண்டு சணப்பு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். முதலில் எடுக்கும் பயிராகக் கொள்ளு போடலாம். கடலைக்கு மூன்று ஆண்டாவது பொறுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஒட்டு முந்திரியும் காய்க்கத் தொடங்கும். ஆரம்பத்தில் மகசூல் சொற்பமாகத்தான் இருக்கும். குழியைப் பார்த்து விலை பேசுகிறவரிடம் இப்போதே விற்பதைவிட, மூன்று ஆண்டு கழித்து அண்ணன் தம்பி இருவரும் உட்கார்ந்து முடிவெடுப்பது நல்லது.

இனிமேல் குவாரிக்கு நிலம் கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். சுரங்கம் முடிந்த நிலத்தில் குத்தகைதாரரே மீண்டும் புல் வளர்த்துத் தர வேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேர்க்கும்படி, உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் இதைச் சொல்லிக் கேட்கலாம். லாரி போன பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.