மழைத்துளியின் வேகமும் மலை மண்ணும்

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. அங்கே ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. காற்றே இல்லையென்றால், அந்த நீர் கீழே வந்து சேரும்போது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் பிடித்திருக்கும். ஆனால் வழியிலேயே காற்று அதைக் கிழித்துச் சிதறடிக்கிறது. அரை மில்லிமீட்டர் அளவுக்கு நுணுகிவிட்ட திவலை மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். அருவியை நெருங்கும் முன்பே முகத்தை நனைக்கும் சாரல் அதுதான்.

ஒரு பொருள் விழும் வேகம் கூடக் கூட, காற்றின் எதிர்ப்பும் கூடும். எடையும் எதிர்ப்பும் சரிசமமாகும் கட்டத்தில் வேகம் அதற்கு மேல் ஏறாது. இதைத்தான் இயற்பியல் பாடம் முற்றுத் திசைவேகம் என்கிறது.

நாம் மழையில் நிம்மதியாக நனைய முடிவதற்கு இதுவே காரணம். இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து விழும் துளி, காற்று தடுக்காவிட்டால் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். உண்மையில் 5 மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய துளிகூட மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. மோதும் ஆற்றல் ஏறத்தாழ 480 மடங்கு குறைந்துவிடுகிறது. நிலவில் இந்தக் காப்பு கிடையாது. அதனால்தான் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் விக்ரம் கலம், பாராசூட்டை நம்ப முடியாமல், எஞ்சின்களை இயக்கி வேகத்தைக் குறைத்தபடி இறங்கியது.

காற்று இவ்வளவு செய்தும், மிச்சமிருக்கும் அந்த 32 கிலோமீட்டர் வேகம் வெற்று மண்ணுக்கு அதிகம்.

பெருந்துளி அடிக்கும் இடத்தில் மண்துகள்கள் அரை மீட்டர் உயரம்வரை தெறிக்கும். சமதளத்தில் அவை பக்கத்திலேயே விழும். சரிவில் பெரும்பாலும் கீழ்நோக்கி நகரும், பிறகு ஓடும் நீர் அவற்றை அள்ளிக்கொண்டு போகும். மரம் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. கொல்லிமலையில் மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் நெடிதுயர்ந்தவை. இலை நுனியில் திரளும் நீர், சாதாரண மழைத்துளியைவிடப் பெரிதாகிச் சொட்டுகிறது. எட்டுப் பத்து மீட்டர் விழுந்தாலே அது தன் முழு வேகத்தின் பெரும்பகுதியை மீண்டும் எட்டிவிடும். மண்ணைக் காப்பது தரையை ஒட்டிய சருகும் புல்லும் குறுஞ்செடியும்தான்.

சாமையும் தினையும் கேழ்வரகும் நெருக்கமாக வளர்ந்து தரையை மூடும் பயிர்கள். மலையில் அவற்றின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட மரவள்ளி அப்படியல்ல. இடைவெளி விட்டு நடப்படுவதால், இலை பரவும்வரை நடுவே மண் திறந்தே கிடக்கும். கிழங்கு எடுக்கும்போது நிலம் மறுபடியும் கிளறப்படும். அந்தக் கிழங்கை வாங்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் தரும் பணத்தை நம்பி வாழும் மலைவாழ் விவசாயியை இதற்குக் குற்றம் சொல்வது நியாயமாகாது. மாற்றத்தின் செலவை அவர் தலையில் மட்டும் சுமத்தவும் கூடாது.

மரவள்ளி வரிசைகளுக்கு நடுவே பயறு வகைகளை ஊடுபயிராக விதைக்கலாம். காப்பித் தோட்டத்தில் சருகைக் கூட்டி எரிக்காமல் விடலாம். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு கட்டலாம். இவற்றுக்கு வேளாண்மைத் துறை மானியம் தர வேண்டும். சாமைக்கும் தினைக்கும் கட்டுப்படியாகும் கொள்முதல் விலையை அரசு உறுதிசெய்ய வேண்டும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் மலைச்சரிவில் ஒரு காணி நிலம்கூட வெற்று மண்ணாகக் கிடக்கக் கூடாது.