புகையைக் கண்டவர் கடமை

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் இந்நாட்கள் நம் சங்கங்களுக்குப் புதுக்கணக்கு நாட்கள். மார்ச்சு 31-ஆம் தேதியுடன் பழைய ஆண்டின் ஏடுகள் மூடப்பெறுகின்றன, இருப்புகள் எண்ணப்பெறுகின்றன. வெளியே வேம்பு பூத்திருக்கிறது. நெசவாளர் தெருக்களில் விடியலின் குளிர்ச்சி நீங்குமுன் பாவு ஓடி முடிகிறது. வயல்களில் அறுவடை முடிந்து வைக்கோற்போர் உயர்ந்து நிற்கிறது. பங்குனி உத்திரமும் மாரியம்மன் திருவிழாவும் தேரோட்டமும் அடுத்தடுத்து வருகின்றன. பள்ளிகள் விடுமுறை விட்டதும் குழந்தைகள் தெருவையும் தோட்டத்தையும் தமதாக்கிக்கொள்கின்றனர்.

ஆண்டில் மகிழ்ச்சி மிகுந்த பருவம் இது. ஆனால், அபாயம் மிகுந்த பருவமும் இதுவே. காற்று வறண்டிருக்கிறது, கூரை காய்ந்திருக்கிறது, நூலும் பஞ்சும் வைக்கோலும் ஒரு பொறிக்குக் காத்திருப்பனபோல் கிடக்கின்றன. நகரத்தின் ஓரத்தில், ஒருபுறம் தறிவீடுகளும் மறுபுறம் தோட்டங்களும் நடுவே புதிய மனைப்பிரிவுகளுமாக வாழ்கின்ற நம் அங்கத்தினர்களுக்கு இவ்வபாயம் இரட்டிப்பாகும். அதனைப் பற்றியே இம்மாதம் எழுத முற்பட்டோம்.

“அடுப்பை அணை, கம்பியைத் தொடாதே, கிணற்றை மூடு, இவை யாம் அறியாதனவா?” என்று அங்கத்தினர் கேட்கலாம். நன்கு அறிந்தனவே. அறிந்தும் அவை நடைபெறாமற் போவது ஏன் என்பதே நம் கேள்வி. நமக்குத் தோன்றும் விடை இதுதான்: எல்லாரும் அறிந்த எச்சரிக்கை எவருடைய பொறுப்பாகவும் இல்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள் நாடெங்கும் தீயணைப்புப் படையினர் நினைவு நாள் கொண்டாடுகின்றனர். அதனையொட்டி ஒரு வாரம் தீத்தடுப்பு வாரமாக நடைபெறுகிறது. சித்திரை முதல் நாளும் பெரும்பாலும் அன்றே வருவதால், நம்மவர் பலர் அதனைக் கவனிப்பதில்லை. அந்த நினைவு நாளின் வரலாற்றில் நம் தொழிலுக்குரிய பஞ்சுக்கும் பங்குண்டு. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்னும் கப்பல் நின்றிருந்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் தீ பற்றியது. பஞ்சுத் தீயின் இயல்பை நாம் அறிவோம்: அது கொழுந்து விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். கப்பலிலிருந்து புகை எழுவதைப் பக்கத்தில் இருந்தோர் சிலர் முன்னரே கண்டனர் என்றும், கப்பலில் உள்ளவர்கள் கவலையின்றி இருப்பதைப் பார்த்துத் தாமும் வாளாவிருந்தனர் என்றும் அந்நிகழ்ச்சியின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பிற்பகலில் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயை அணைக்கச் சென்ற வீரர் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவர்களுள் அடங்குவர்.

பம்பாயில் வாளாவிருந்தவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்ள நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கு மறைக்காமல் எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆண்டிறுதி இருப்புச் சரிபார்ப்புக்காகச் சென்றிருந்தோம். கிடங்கில் நூற்கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். கட்டுகளுக்கு நேர் மேலே, இரண்டு இடங்களில் ஒட்டுப் போட்ட மின்கம்பி ஒன்று தொங்கியது. வாசலில் இருந்த மணல் வாளிகளில் மணலுக்குப் பதிலாகத் தேநீர்க் குவளைகளும் பீடித் துண்டுகளும் கிடந்தன. இரண்டையும் பார்த்தோம். ஆனால் நம் படிவத்தில் நூலின் எடைக்கு இடம் இருந்தது. மின்கம்பிக்கு இடம் இல்லை. இருப்பு ஏட்டோடு ஒத்திருந்தது. கையொப்பமிட்டுத் திரும்பினோம்.

அவ்வாண்டு வைகாசியில் ஓர் இரவு அக்கிடங்கு எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல். நூலுக்குக் காப்பீடு இருந்தமையால் காலம் தாழ்த்தியேனும் அதன் பணம் வந்தது. ஆனால், பாவு இல்லாமல் வாரக்கணக்கில் தறியைப் பார்த்துக்கொண்டிருந்த அங்கத்தினர்களின் கூலிக்கு எந்தக் காப்பீடும் இல்லை. துணியைக் கொடுத்தால்தான் கூலி என்னும் தொழிலில், தறி நின்ற நாள் பட்டினி நாளே அன்றோ? பின்னர் நம் அறிக்கையை எடுத்துப் படித்தோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. மின்கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று முதல், படிவத்தில் இடம் இல்லாவிடினும் கண்டதை ஓரத்தில் எழுதிவிடுவது நம் வழக்கமாயிற்று.

இனி, இப்பருவத்தில் கண்ணில் படவேண்டியவை எவை என்பதைக் கூறுவோம். முதலாவது தீ. நெசவாளர் இல்லத்தில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. எரிவாயு அடுப்புக்கும் பாவுக்கும் இடையே ஒரு சுவரேனும் இருத்தல் வேண்டும். கூரை வீடாயின் அடுப்பை வெளியே தனிக் கொட்டகைக்கு மாற்றுதல் நன்று. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை நாம் மறத்தல் ஆகாது. சாயப்பட்டறை வைத்திருப்போர்க்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை: ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் தூளில் சிறிது ஈரம் பட்டாலும் தானே சூடேறிப் புகைந்து தீப்பற்றக்கூடும். அதனை மூடியிட்டு, ஈரம் படாத மேடையில் வைக்க வேண்டும். ஈரக் கையாலோ ஈரக் கரண்டியாலோ எடுக்கலாகாது. பஞ்சுப் பொதியிலோ நூற்கட்டிலோ தீப்பிடித்து அணைத்தபின், ‘அணைந்துவிட்டது’ என்று கிடங்கைப் பூட்டிவிட்டுச் செல்லுதல் தவறு. வெளியே எடுத்துப் பிரித்துப் போட்டுக் காவல் இருத்தல் வேண்டும். வைக்கோற்போரை வீட்டையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி அமைக்க வேண்டும். கரும்புச் சோகையைக் காற்று வீசும் உச்சிப்பொழுதில் கொளுத்துவோர் அடுத்த வயலுக்கும் சேர்த்தே கொளுத்துகின்றனர் என்பதை உணர்வாராக.

இரண்டாவது மின்சாரம். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலையில், தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உராய்ந்து பதினொருவர் உயிரிழந்தனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். தேர் இழுக்கும் ஊர் எதுவாயினும் விழாக் குழுவினர் முன்னரே மின்வாரியத்துக்கு எழுதி, தேர் நகரும் வேளையில் மின்னோட்டத்தை நிறுத்தச் செய்தல் வேண்டும். முந்திய ஆண்டு தேர் தடையின்றிச் சென்றது என்பது இவ்வாண்டுக்குச் சான்று ஆகாது. சாலை உயர்ந்திருக்கலாம், கம்பி தாழ்ந்திருக்கலாம், அலங்காரம் கூடியிருக்கலாம். ஆகவே ஒவ்வோராண்டும் தேரையும் கம்பியையும் அளந்து பார்க்க வேண்டும். வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் தேரைப் போன்றதே. தாழ்ந்து தொங்கும் கம்பியின் கீழ் அது செல்லும்போது நேரும் விபத்துகள் இப்பருவத்திற்கு உரியவை. மோட்டார்க் கொட்டகையில் ஈரக் காலோடு சுவிட்சைத் தொடலாகாது. பன்றிக்கும் மாட்டுக்கும் அஞ்சி வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் அண்டை வீட்டாரைக் கொல்லும் பாவமும் ஆகும். கம்பி அறுந்து கிடக்கக் கண்டால் அருகே செல்லாமல், மற்றவரையும் செல்லவிடாமல், மின்வாரியத்தின் 94987 94987 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது கிணறு. நகர்ப்புறத்தை ஒட்டிய நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்படும்போது வரப்பு மறைகிறது. கிணறு மட்டும் மறைவதில்லை. சுற்றுச்சுவர் இல்லாமல், செடி மண்டி, பழைய உடையவர் விற்றுவிட்டார், புதிய உடையவர் வெளியூரில் இருக்கிறார் என்னும் நிலையில் அது வாய் திறந்து கிடக்கிறது. விடுமுறையில் பந்து விளையாடும் குழந்தைக்கு உடையவர் யார் என்பது தெரியுமா? ஆழ்துளைக் கிணறுகளின் கதை இன்னும் கொடியது. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க நாட்கணக்கில் முயன்றும் உயிருடன் மீட்க இயலவில்லை. பயனற்ற துளையை மூட இரும்பு மூடியும் சிறிது சிமெண்டும் போதும்.

பாழுங்கிணறு தூர் வாருவோர்க்கும் ஒரு சொல். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் நச்சுக்காற்று தங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, ஒரே கிணற்றில் இருவர் மூவர் மாண்ட செய்திகளை அங்கத்தினர் படித்திருப்பீர்கள். விழுந்தவரைக் காணும்போது இறங்காமல் நிற்பது கடினமே. ஆயினும் அந்நேரத்தில் தீயணைப்பு நிலையத்தை 101 என்னும் எண்ணில் அழைப்பதே அவரைக் காக்கும் வழி. நோயாளி ஊர்திக்கு 108. எந்த அவசரத்திற்கும் 112.

இவற்றையெல்லாம் செய்விக்க வேண்டியவர் யார்? “இது பஞ்சாயத்தின் வேலை; மின்வாரியத்தின் வேலை; சங்கத்திற்கு நூலும் கடனும் உரமும் போதாவா?” என்று நிர்வாகக் குழு உறுப்பினர் சிலர் கேட்பதை நாம் செவியுற்றிருக்கிறோம். அவர்கள் கூறுவதில் பாதி உண்மை. கம்பியை உயர்த்துவது மின்வாரியமே. கிணற்றை மூடும்படி உத்தரவிடுவது உள்ளாட்சியே. ஆனால், அவர்களுக்குச் செய்தி சொல்வது யார்? தனி ஒருவர் சொன்னால் அது மனு; சங்கம் சொன்னால் அது தீர்மானம். தனித்து நின்றால் கந்துவட்டிக்காரரிடம் கையேந்த வேண்டியிருந்தது என்பதற்காகவே 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திரூரில் முதற்கடன் சங்கமும் தோன்றியது. கடன் ஒன்றுக்காகத் திரண்ட மக்கள் கண்ணெதிரே நிற்கும் ஆபத்துக்காகத் திரளலாகாது என்று எந்தப் பைலாவும் கூறவில்லை. மேலும், அங்கத்தினர் ஒருவர் இறந்தால் அவருடைய கடனும் பங்கும் தறியும் சங்கத்தின் ஏட்டில்தான் வந்து நிற்கின்றன. ஆகவே இது கணக்கிலும் சங்கத்தின் காரியமே.

எனவே நாம் வேண்டுவது பெரிதன்று. சித்திரையில் கூடும் நிர்வாகக் குழுவின் முதற்கூட்டத்தில் ஒரு பொருளாக இதனைச் சேர்க்குக. தெருவுக்கு ஒருவர், தோட்டப்புறத்துக்கு ஒருவர் என அங்கத்தினரையே பொறுப்பாளராகக் குறித்து, அவர்களுடைய பெயரைச் சங்க வாசற்பலகையில் எழுதுக. பெண் அங்கத்தினர்களை விட்டுவிடலாகாது. பகல் முழுவதும் தெருவில் கண் வைத்திருப்போர் அவர்களே. பொறுப்பாளர் ஒரு மாலையில் நடந்து பார்த்து, தாழ்ந்த கம்பி எத்தனை, திறந்த கிணறு எத்தனை என்று எழுதித் தருக. சங்கம் அதனைத் தீர்மானமாக்கி உரிய அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைக்குக. ஊராட்சிப் பகுதியாயின் மே 1-ஆம் தேதி கூடும் கிராம சபையில் அத்தீர்மானத்தைப் படிக்கலாம். தீத்தடுப்பு வாரத்தில் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்தால், கிடங்கில் தீயணைக்கும் முறையை அவர்கள் செய்து காட்டுவர். இலாபமுள்ள சங்கங்கள் பைலாவுக்கு உட்பட்டுப் பொதுநன்மை நிதியிலிருந்து இரண்டொரு மூடிகளுக்கும் மணல் வாளிகளுக்கும் செலவிடலாம். இலாபம் இல்லாத சங்கத்துக்கும் மணல் கிடைக்கும்.

இவ்வளவும் செய்தால் விபத்தே நேராது என்று நாம் வாக்களிக்கவில்லை. ஆனால், கண்டவர் சொல்ல ஓர் இடமும், கேட்டவர் செய்ய ஒரு கடமையும் ஏற்பட்டுவிடும். வேண்டும் நூலை எண்ணுவதற்கு நாம் ஆண்டுக்கு ஒருமுறை வருவோம். தொங்கும் கம்பியை நாள்தோறும் பார்ப்பவர் அங்கத்தினரே. அடுத்த முறை நாம் வந்து கிடங்கைத் திறக்கும்போது, ஏட்டோடு நூல் ஒத்திருப்பதுடன், வாளியில் மணலும் இருக்கக் காண்போமாக.