ஒற்றைச் சிங்கம் என்னும் பொய்

மடங்கல், அரி, சீயம், கோளரி எனச் சிங்கத்திற்கு நம் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றைத் தலைவர்க்கும் வீரர்க்கும் சூட்டி மகிழ்வதும் நம்மவர் வழக்கே. தனித்து நிற்பவனே சிங்கம் என்று மேடையேறி முழங்குவோரைக் கேளாத மாணவர் நம்முள் இலர்; கைதட்டலும் குறைவின்றிக் கிடைக்கின்றது. ஆயின், காட்டில் வாழும் சிங்கத்திற்கு அவ்வுவமை சிறிதும் பொருந்துவதன்று. உவமை பிழைத்தால் கெடுவது செய்யுள் ஒன்றே என விட்டுவிடலாம். இப்பிழையோ குட்டிகளின் உயிரைக் குடிக்கின்றது. அதுபற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

தான்ஸானியா நாட்டுச் செரங்கெட்டிப் புல்வெளியில் 1966-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஷாலர் தொடங்கிய ஆராய்ச்சியை, 1978 முதல் கிரேக் பாக்கரும் ஆன் பியூசியும் ஏற்றுப் பல்லாண்டு நடத்தினர். அதனாற் புலனாகியது யாதெனின், ஒரு நிலத்தில் வழிவழியாக வாழ்வன பெண்சிங்கங்களே என்பது. தாயும் மகளும் தமக்கையும் தங்கையுமாகிய அத்தொகுதியை ஈண்டுக் குடி என்பேன். ஆண்மக்களோ முழுவளர்ச்சி எய்துமுன் அக்குடியை விட்டு நீங்குகின்றன. உடன்வளர்ந்தவை ஒருங்கே செல்லும். உடன்பிறப்பில்லாதது வழியில் வேறொன்றைத் துணைக்கொள்ளும். இரண்டு மூன்று கூடிய குழுக்களில் உறவில்லாதவையும் உண்டு. பெருங்குழுக்கள் பெரும்பாலும் ஒருகுடிப் பிறந்தனவே. இங்ஙனம் திரிந்து, பிடரி தழைத்து வலிமை முற்றியபின், வேறொரு குடியைக் காத்துநிற்கும் ஆண்களோடு பொருது அந்நிலத்தைக் கவர்கின்றன. துணையற்ற ஒற்றைச் சிங்கம் ஒரு குடியை வென்று நிலைத்தல் அரிதினும் அரிது. குழு பெரிதாயின் ஆட்சி நீளும். எனினும் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் நிற்பன சிலவே.

தென்னாப்பிரிக்காவிலுள்ள சாபி சாண்டு என்னும் காட்டில், மபோகோ எனப் பெயர்பெற்ற ஆறு ஆண்கள் 2006-ஆம் ஆண்டையொட்டி வந்து பல குடிகளை அடக்கியாண்டன. அவற்றின் பெயர் கேட்டாலே நடுங்குமாறு சுற்றுலாச் செல்வோர் கதை கூறுவர். 2010-இல் மஜிங்கிலானே என்னும் இளங்குழு வந்து அவற்றுள் ஒன்றைக் கொன்றது. 2012-க்குள் மபோகோ ஆட்சி முடிந்தது.

போரினும் கொடியது போருக்குப்பின் நிகழ்வது. வென்றவை, தோற்றவற்றின் இளங்குட்டிகளைத் தேடிக் கொல்கின்றன. குட்டியை இழந்த தாய் விரைவில் மீண்டும் கருவுறும். வந்தவற்றின் ஆட்சிக்காலமோ குறுகியது. செரங்கெட்டியில் ஓராண்டு நிரம்பாது மாளும் குட்டிகளுள் கால்பங்குக்கு மேற்பட்டவை இவ்வாறே மாள்கின்றன என்று பாக்கரும் பியூசியும் கணித்தனர். இதனைக் கொடுமை என்பதா, இயற்கை என்பதா? படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தானியேலைத் தீண்டாத சிங்கங்களையே ஞாயிறு பள்ளியிற் கற்றவன் நான். ஆயினும் அறமறியா விலங்கின்மீது பழிசுமத்த என் மனம் ஒருப்படவில்லை. பழி வேறிடத்தில் உளது.

ஸிம்பாப்வே நாட்டு ஹ்வாங்கே வனத்தில் வாழ்ந்த செசில் என்னும் 13 வயதுச் சிங்கத்தை, 2015 ஜூலையில், அமெரிக்கப் பல்மருத்துவர் ஒருவர் பொருள்கொடுத்து அம்பெய்து கொன்றார். உலகம் செசிலுக்காக அழுதது. ஜெரிக்கோ என்னும் அதன் தோழனை நினைத்தவர் மிகச் சிலரே. உறவினனல்லாத அத்தோழனோடு சேர்ந்தே செசில் தன் நிலத்தைக் காத்துவந்தது. தோழன் உயிரோடிருந்தது, குட்டிகளை அது கொல்லவுமில்லை. இருவருள் ஒருவர் வீழ்ந்தபின் எஞ்சியவர் தோற்றிருப்பின், அந்த ஓர் அம்பினால் எத்தனை உயிர் போயிருக்கும்?

ஹ்வாங்கேயில் அடையாளமிட்டு ஆராயப்பட்ட சிங்கங்களுள், 1999 முதல் 2004 வரை இறந்தவை 34. அவற்றுள் 24 வேட்டைக்காரர் சுட்டவை. வேட்டைப் பொருளாலன்றோ காடு உழவுநிலமாகாது நிற்கின்றது என வாதிப்பார் உளர். அவ்வாதம் முற்றும் பொய்யன்று. வறிய நாடுகளில் காடுகாக்கும் பொருள் வானத்தினின்று பொழிவதில்லை. ஐந்தாறு ஆண்டு கடந்த ஆண்களை மட்டும் கொன்றால் இனம் குன்றாது என்று பாக்கர் குழுவினரும் 2004-இல் எழுதினர். ஆயினும் வயது ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளல் போதாது என்பது என் துணிபு. செசில் அவ்வயதை என்றோ கடந்தது. கடந்தும் குடி காத்துநின்றது.

வேட்டைச் சீட்டில் ஒரு சிங்கம் என்றே எழுதப்படுகின்றது. அதற்குத் தோழர் எத்துணையர், அது காக்கும் குடியில் இரண்டாண்டு நிரம்பாத குட்டிகள் உளவோ என்னும் இரு வினாக்களையும் அச்சீட்டில் சேர்த்தல் வேண்டும். குட்டிகள் உளவெனில், அவை வளருமளவும் சீட்டு வழங்கலாகாது.