மாட்டிடமும் இல்லாத இனத்தூய்மை

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் அகமணமுறை குறித்துக் கட்டுரை வாசித்தேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்தார். "மாட்டுக்கே இனம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். மனிதர்கள் பார்ப்பதில் என்ன தவறு?" என்று கேட்டார். அரங்கில் சிலர் சிரித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். "மனிதர்கள் மாடுகள் அல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பதில் சரிதான், ஆனால் போதாது. மாட்டைப் பற்றி அவர் சொன்னதே தவறு என்பதை அன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'பிராமன்' என்றொரு மாட்டினம் இருக்கிறது. திமிலும் அலைதாடியும் கொண்ட, இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடு. 1924இல் அதன் வளர்ப்பாளர்கள் சங்கம் அமைத்தபோது இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர்தான் பிராமன், மாடு கலப்பு. குசராத்தின் கிர், காங்ரேஜ், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் என்று இங்கிருந்து போன பல இனங்களை ஒன்றோடொன்று சேர்த்து உருவாக்கியது. வெயிலைத் தாங்குமா, உண்ணிக்கு ஈடுகொடுக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. இங்கே புனிதமென்று கும்பிடப்பட்டதை அங்கே அதன் பயனுக்காக எடுத்துக்கொண்டார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபால்ஃபூரியாஸ் பகுதியில் பண்ணை வைத்திருந்த லசாட்டர் குடும்பம் இன்னும் ஒருபடி மேலே போனது. ஹெர்ஃபோர்டு, ஷார்ட்ஹார்ன் என்ற இரண்டு ஆங்கிலேய இனப் பசுக்களுடன் இந்தியக் காளைகளைச் சேர்க்கும் வேலையை 1908இல் எட்வர்ட் லசாட்டர் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில், பெருமந்தக் காலத்தில், அவருடைய மகன் டாம் லசாட்டர் பொறுப்பேற்று மூன்றையும் ஒரே மந்தையாகக் கலந்தார். 'பீஃப்மாஸ்டர்' என்ற பெயரில் 1954இல் அமெரிக்க வேளாண் துறை அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

அவர் பார்த்தவை ஆறே ஆறு: குணம், கருவளம், எடை, உடற்கட்டு, தாங்கும் திறன், பால். நிறம் பார்க்கவில்லை. கொம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. பல காளைகளை ஒரே மந்தையில் விட்டதால் எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்ற கணக்கும் இல்லை. இன்றுவரை அந்த இனத்தில் எந்த இரத்தம் எத்தனை பங்கு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. பாதிக்குச் சற்றுக் குறைவாக இந்திய மாடு, மிச்சம் மற்ற இரண்டும் என்று தோராயமாகத்தான் சொல்கிறார்கள். தகப்பன் பெயர் தெரியாத மந்தையிலிருந்து ஓர் இனமே எழுந்து வந்தது!

ஆனால் அவருடைய தேர்வு கடுமையானது. கிடாரி ஒரு வயதிலேயே காளைக்கு விடப்படும். குறுகிய பருவத்துக்குள் சினைபிடிக்க வேண்டும். ஆள் துணையின்றி ஈன வேண்டும். ஆண்டுக்கொரு கன்றை வளர்த்துத் தர வேண்டும். தவறினால் அதன் தாய் எவ்வளவு பேர்பெற்ற மாடாக இருந்தாலும் மந்தையை விட்டு வெளியே.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாயி நினைவுதான் வந்தது. எங்களுக்கு நிலம் கிடையாது. ஊரில் நிலம் உள்ளவரின் கிடாரியை வாரத்துக்குப் பிடித்து வந்து வளர்ப்பார். ஒரு ஈத்து அவர்களுக்கு, ஒரு ஈத்து எங்களுக்கு. மாட்டுக்காரர் சுழியைப் பார்த்துப் பேசுவார், நிறத்தைப் பார்த்துப் பேசுவார். அப்பாயி கேட்டது வேறு. மடியில் கை வைத்தால் உதைக்குமா? கோடையில் காய்ந்த புல்லைத் தின்று நிற்குமா? வருசம் தவறாமல் கன்று போடுமா? சுழி சுத்தமாக இருந்து சினை நிற்காத மாட்டை வைத்துக்கொண்டு அழகு பார்க்க உடைமைக்காரரால் முடியும். வாரத்துக்கு வளர்ப்பவரால் முடியாது.

தூய்மையின் பக்கம் நின்றவர்களுக்கு என்ன ஆனது? ஷார்ட்ஹார்ன் இனத்துக்கு 1822இலேயே இங்கிலாந்தில் வம்சாவளிப் பதிவேடு வந்துவிட்டது. பதிவேட்டில் இருக்கும் காளையின் விலை தனி, மதிப்பு தனி. 1940களிலும் 50களிலும் அமெரிக்கக் கண்காட்சிகளில் குட்டையான, கட்டையான உடல்வாகுக்கே பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய காளைகளின் வாரிசுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். விளைவாக, புகழ்பெற்ற ஹெர்ஃபோர்டு வம்சங்களில் மறைந்திருந்த குள்ளத்தன்மை பரவியது. மூச்சுவிடத் திணறும், தேறாத கன்றுகள் பிறந்தன. தம் மந்தையின் பேர் கெட்டுவிடும் என்று பலர் அதை வெளியே சொல்லவில்லை. குறையை விடக் குலப்பெருமை பெரிதாகப் போனது. இது நமக்குப் பழக்கமில்லாத கதையா?

ஆக, மாடு வளர்ப்பின் வரலாறு அந்த நண்பருக்குச் சாட்சி சொல்லவில்லை. அவர் பதிலுக்கு ஒன்று கேட்கலாம்: "லசாட்டரும் 1937க்குப் பிறகு வெளி இரத்தம் சேர்க்காமல் மந்தையை மூடிவிட்டாரே?" உண்மை. மூன்று இனங்களைக் கலந்த பிறகு மூடினார். மூடிய பிறகும் ஒவ்வொரு தலைமுறையையும் ஒரே மேய்ச்சலில், ஒரே வெயிலில், ஒரே குளிரில் விட்டுச் சோதித்தார். சாதி எந்தக் காலத்தில் யாரைச் சோதித்தது? மேய்ச்சல் நிலத்தைத் தனக்கென்று வேலி போட்டுக்கொண்டு, அதில் ஏறிய எடையைப் பிறப்பின் பெருமை என்கிறது. பிறகு வேலிக்கு வெளியே நின்றவரைப் பார்த்துத் 'தகுதி, திறமை' என்று பாடம் எடுக்கிறது. இடஒதுக்கீட்டைக் குறைசொல்லும் ஒவ்வொரு வாயிலும் இந்த வேலி மறைந்திருக்கிறது.

அதற்காக லசாட்டர் பண்ணைதான் நம் முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. அது இன்னொரு படுகுழி. பயனுள்ளதை வைத்துக்கொள், பயனற்றதைக் கழி என்பது மாட்டுப் பண்ணையில் கணக்கு. மனிதர்களிடம் அதைச் செய்யப் புறப்பட்டவர்கள் கட்டாயக் கருத்தடையிலும் நாஜிகளின் கொலைக்கூடங்களிலும் போய் நின்றார்கள். கன்று போடாத பசு விற்கப்படும். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் அதே மரியாதையும் அதே உரிமையும் உண்டு. மனிதரின் மதிப்பு பயனிலும் இல்லை, பரம்பரையிலும் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ஆய்வுரையிலேயே சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்று காட்டிவிட்டார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இரத்தத் தூய்மை வாதத்தை நேராக எதிர்கொண்டார். தூய இரத்தம் என்ற ஒன்று எங்கும் இல்லை என்றார். இரத்தத்தைக் காக்கத்தான் கலந்து மணப்பதைத் தடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், கலந்து உண்பதை ஏன் தடுக்கிறீர்கள், சோற்றால் இரத்தம் கெடுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வராது. ஏனெனில் சாதி காப்பது இரத்தத்தை அல்ல. நிலத்தை, கோயிலை, தெருவை, பதவியை.

அந்த நண்பரின் கேள்வியில் எனக்கு உண்மையில் வலித்தது மாடு அல்ல. பண்ணையில் எந்தப் பசு எந்தக் காளையுடன் சேர வேண்டும் என்பதை உடைமைக்காரர் முடிவு செய்கிறார். 'மாட்டுக்குப் பார்க்கிறோமே' என்று சொல்லும்போது, தன் வீட்டுப் பெண்ணுக்கு ஓர் உடைமைக்காரர் உண்டு என்று அவர் ஒப்புக்கொள்கிறார். தருமபுரியில் ஊரை எரித்ததும், உடுமலையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டியதும் அந்த உடைமை உணர்வுதான். அரிவாளைத் தூக்கியவர்கள் சிலர். அதற்கான நியாயத்தைக் கருத்தரங்குகளில் சிரித்துக்கொண்டே பேசுகிறவர்கள் பலர்.

அடுத்த முறை யாராவது இதே கேள்வியைக் கேட்டால், மாட்டைப் பற்றி முழுவதும் சொல்லி முடிப்பேன். பிறகு ஒன்று மட்டும் கேட்பேன்: "ஐயா, உங்கள் மகளிடம் கேட்டீர்களா?"