பட்டா நமக்கு, பாதை அவர்களுக்கு

“பைப்பு பூமிக்கடியிலதானப்பா போகுது? மேல நம்ம பாட்டுக்கு வெள்ளாம பண்ணிக்கலாம்ல?” வல்லத்திராக்கோட்டை டீக்கடையில் சித்தப்பா கேட்டார். கெயில் குழாய் பற்றிய பேச்சு. நானும் எஞ்சினியர் தோரணையில் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். தலையாட்டியது தப்பு.

1962ஆம் ஆண்டு வந்த பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டம் உங்கள் நிலத்தை வாங்குவதில்லை. ‘பயன்பாட்டு உரிமை’யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. ஆட்சேபிக்க 21 நாள். பயிர்ச் சேதத்துக்குத் தனியாகக் கொடுப்பார்கள். நிலத்துக்கு, சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

அதாவது கடலை போடலாம், தென்னை வைக்கக் கூடாது. 2018இல் கஜா புயல் நம் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. சனங்கள் மறுபடியும் கன்று வைத்தார்கள். ‘இனிமே இங்க நடாதே’ என்று புயல்கூடச் சொல்லவில்லை.

என் தொழிலில் குறைந்த செலவுப் பாதையைக் கண்டுபிடிப்பது அன்றாட வேலை. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை போட்டுக் கொடுத்தால், மலிவான வழியை அல்காரிதம் எடுக்கும். தோட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு விலை போட்டால் அது தோட்டத்துக்குள்தான் போகும். அல்காரிதத்தின் மேல் குற்றமில்லை. விலை போட்டவர்கள் மேல்தான்.

கொங்குப் பகுதியில் நடந்ததும் இதுதான். கொச்சியிலிருந்து வரும் கெயில் குழாய் தமிழ்நாட்டின் 7 மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர். விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் போடுங்கள் என்று 2013இல் மாநில அரசே சொன்னது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது.

‘கேஸ் வேணாமா உங்களுக்கு?’ என்பார்கள். வேணும். என் வீட்டிலும் கேஸ் அடுப்புதான். அதற்காக அடுப்பு எரியும் வீடுகளின் செலவை ஒரு தென்னந்தோப்புக்காரர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? ஆபத்தும் அவருக்குத்தான். 2014 ஜூனில் ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள்.

நெடுவாசல் போராடியது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நம் திருவரங்குளம் ஒன்றியமும் அதற்குள் இருக்கிறது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. நாமும் நிம்மதியாகிவிட்டோம். ஆனால் உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தொடமாட்டோம் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் துறைமுகம், சாலையோடு குழாயும் இருக்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

குழாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் சாலை ஓரத்தைப் பாருங்கள். தோட்டத்துக்குள் வந்தே ஆகவேண்டுமென்றால் முழு விலை கொடுங்கள், கிராம சபையைக் கேளுங்கள். அந்த விலை போட்ட பிறகும் தோட்டம்தான் சுருக்கு வழியா என்று பார்ப்போம்.

சித்தப்பா, வெள்ளாம பண்ணலாம். எதைப் பண்ணுவது என்று முடிவு செய்வது மட்டும் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.